இருவர் எடையில் முடுக்கிய கார்

எண்பதுகளின் கடைசியில் எனக்கிருந்தது ஒரே கார். அதற்கு இரண்டு பிழைப்பு. வார நாள்களில் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரை என்னையும் மனைவியையும் வேலைக்குச் சுமக்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு, பத்து தீகா என்ற ஊரின் கார்ப் பந்தயத் திடலில், வளைவுக்கு வளைவு டயர் கதற, என்னை மட்டும் சுமக்கும். எனக்குக் காற்று, வேகம், நாக்கில் ரப்பர் புகை. காருக்கு இடுப்பு வலி. குலுக்கலைத் தாங்கும் அப்சார்பர்கள் எண்ணெய் கசிந்து செத்தன. சாலையில் ஒரு குழியில் இறங்கினால் மூன்று முறை குதித்தது.

புது அப்சார்பர், இரும்பு மூட்டுகளுக்குள் மெத்தையாய் இருக்கும் புது ரப்பர் புஷ் எல்லாம் வாங்கி, வீட்டு வாசலில் காரை ஜாக்கியில் தூக்கி, நானே மாட்டினேன். கவிதை எழுதுகிறவனுக்கு நட்டு முடுக்கத் தெரியாதா என்ன? தெரியவில்லை. இரண்டே மாதத்தில் புஷ்கள் கிழிந்தன. ஒவ்வொரு மேட்டிலும் கார் பழைய கட்டிலாய் முனகியது.

"உங்க கார்ல வந்தா, காலைல சாப்பிட்ட தோசை மறுபடி கல்லுக்கே போயிடும் போல. இனிமே நான் ஏறமாட்டேன்," என்று சொல்லிவிட்டு மனைவி பஸ்ஸில் போகத் தொடங்கினாள். பக்கத்து இருக்கை காலி. அவளுடைய கேலி இல்லாத ஃபெடரல் ஹைவே, அப்பப்பா, எத்தனை நீளம்!

கடைசியில், ஒரு சனிக்கிழமை காலை, கிள்ளானில் ஒரு பட்டறைக்குப் போனேன். என்னைவிட இளையவரான மெக்கானிக் காரின் அடியில் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"டயர் தொங்கறப்பவே முடுக்கிட்டீங்களா, பாஸ்? கார் தரையில நிக்கிறப்பதான் கடைசி முடுக்கு. இல்லன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டே இருக்கும் லா."

புதிய புஷ்களை மாட்டி, ஆள் இறங்கி வேலை பார்க்கும் பட்டறைக் குழிமேல் காரை நிறுத்தினார். ஸ்பானரை எடுக்குமுன் கேட்டார்: "வழக்கமா யாரு உட்காருவா? அந்த வெயிட்ல முடுக்கணும்."

"நான்தான்."

"ரேஸுக்குச் சரி. மத்த நாளு?"

"வீட்டுக்காரியும்தான். இப்ப பஸ்ல போறா."

"அக்காவக் கூப்பிடுங்க லா. இல்ல, அரிசி மூட்டை வச்சுக்கலாமா?"

பட்டறையிலிருந்து அவள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். அவளுக்குப் பதில் அரிசி மூட்டை என்ற யோசனையையும் மறைக்காமல் சொன்னேன். அதுதான் வேலை செய்தது. அரைநாள் வேலை முடிந்ததும் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"உட்கார மட்டும்தான் வந்தேன். எங்கயும் போறதுக்கில்ல."

ஓடாத காரில், கல்யாணப் படத்துக்கு அமர்ந்தவர்கள் மாதிரி இருவரும் நேராக அமர்ந்திருந்தோம். கீழே நட்டுகள் இறுகிக்கொண்டிருந்தன.

"அக்கா, ஆடாதீங்க!" குழியிலிருந்து குரல்.

"ஆடறதெல்லாம் இவரு காருதான், தம்பி. நான் சும்மாதான் இருக்கேன்."

கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்தபடி மேலே வந்தார். "முடிஞ்சது. இறங்கலாம், அக்கா."

அவள் அசையவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்: "என் வெயிட்டுக்குத்தானே முடுக்கியிருக்கு? நான் இறங்கினா கெட்டுப்போயிடாதா?"

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் சாவியைத் திருப்பினேன்.

ரயில் தண்டவாளத்தைக் கடக்கும்போது, மடியில் முட்டைக்கூடை இருப்பதுபோல் உருட்டினேன். ஒரு முனகல் இல்லை, குதிப்பு இல்லை. அவள் முகத்தைப் பார்க்கத் துணிவும் இல்லை.

"இவ்ளோ மெதுவாவா ரேஸ்ல ஓட்டுறீங்க?" என்றாள். "அதான் இதுவரைக்கும் வீட்டுக்கு ஒரு கப்பும் வரல."