மிளகாய் தட்டிய தாளம்

மிளகாய் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். துணியில் பொத்தான் நுழையும் அளவுக்குக் கீறி, கீறலின் ஓரத்தை நூலால் நெருக்கமாகக் கட்டிக்கொண்டு வரும் வேலை அது. மற்றவர்கள் ஒன்று முடிப்பதற்குள் அவள் இரண்டு முடித்துவிடுவாள். கண் துணியில், கை ஊசியில், காது மட்டும் கூடத்து வாசலில் இருக்கும். வாசலில் அந்தப் பூட்ஸ் சத்தம் கேட்டதும் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்துவாள். கத்தரிக்கோலை எடுத்து அதன் பிடியால் மேசையில் ஒரு தட்டு, பிறகு ஓர் இழுப்பு. டக், சர்ர். டக், சர்ர்.

உள்ளே வருகிற பெண்ணின் நடையும் அதுதான். ஒரு கால் ஊன்றும், மறுகால் இழுபடும். அவள் தன் மெஷினில் போய் உட்காரும்வரை தாளம் நிற்காது. ஒரு தட்டுகூட முன்னே பின்னே போகாது. கூடமே சிரிக்கும்.

"வாத்து வந்தாச்சு, குளத்தைத் திறங்கடி" என்பாள் மிளகாய்.

அது தையல் பயிற்சி நிலையம். மாடியில் கூடம், கீழே விடுதி, விடுதியின் ஓரத்தில் நோயறை. நோயறையைப் பார்த்துக்கொள்பவள் நான். நர்ஸ் அல்ல. நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தவள். கட்டுப் போடுவேன், குளிப்பாட்டுவேன், தூக்கி உட்கார வைப்பேன். பெண்கள் என்னை ஆயாம்மா என்பார்கள்.

மிளகாய் என்ற பெயர் அவளுக்குத் தானாக வந்தது. உருவம் சின்னது, காரம் பெரிது. பதினேழு வயதுக்குள் ஒரு கூட்டத்தையே வாயால் கட்டி மேய்க்கத் தெரிந்தவள். யாருடைய குரலையும் யாருடைய நடையையும் ஒருமுறை பார்த்தால் போதும், அப்படியே எடுத்துவிடுவாள். வார்டன் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வருவது போல அவள் வந்தால், விளக்கை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் போனவர்கள் உண்டு. அதையெல்லாம் கேட்டு எனக்கும் சிரிப்பு வரும். அவள் அந்தப் பூட்ஸ் பெண்ணைக் கிண்டலுக்குப் பிடித்துக்கொண்ட பிறகு அது வரவில்லை.

வாத்து என்று நான் கூப்பிட்டதில்லை. விடுதியில் கடைசிக் கட்டில் அவளுடையது, அதனால் எனக்கு அவள் கடைசிக் கட்டில் பெண். முதுகுத்தண்டில் பிறவிக் கோளாறு. சின்ன வயதில் அறுவை சிகிச்சை செய்தும் இடது முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டுத்தான் நடப்பாள். தாய் தகப்பன் இல்லை, அண்ணன் வீடுதான். அவள் இங்கே வந்த வாரமே அண்ணி அங்கே இவள் இருந்த அறையில் தன் தங்கையைக் குடிவைத்துவிட்டாள். அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு. தேறினால் ஆடைத் தொழிற்சாலையில் வேலையும் தங்க இடமும் கிடைக்கும். தேறாவிட்டால் திரும்பிப் போகக் கட்டில்கூட இல்லை. இது விடுதியில் எல்லோருக்கும் தெரியும், மிளகாய்க்கும் தெரியும்.

ஒரு மத்தியானம் மிளகாய் நோயறைக்கு வந்து நின்றாள்.

"ஆயாம்மா, வாத்தோட நடை மாறிடுச்சு."

"தலைவலின்னா மாத்திரை அங்க இருக்கு. கிண்டல்னா வெளிய போ."

"கிண்டல் இல்ல. தாளம் இடிக்குது. நாலஞ்சு நாளா தட்டிப் பாக்குறேன், ஒட்டவே மாட்டேங்குது. முன்னாடி டக், சர்ர். இப்போ டக், நடுவுல கொஞ்சம் நிக்குது, அப்புறம் டொப்புன்னு விழுது. அவளுங்க அதுக்கும் சிரிக்கிறாளுங்க. காது இருந்தாத்தானே."

"நடந்து காட்டு."

காட்டினாள். முதலில் பழைய நடை, பிறகு புதிய நடை. புதிய நடையில் ஒவ்வோர் அடிக்கும் இடது தோள் கீழே சரிந்தது, குதிகால் தரையில் முழுதாக அமரவில்லை. பூட்ஸுக்குள் ஏதோ கோளாறு. வலி வீட்டு நாய் மாதிரி. குரைத்தால் தொல்லை, குரைக்காத வீட்டில் திருடன் புகுந்தாலும் தெரியாது. அந்தப் பெண்ணின் காலில் நாய் இல்லை.

"அவ நடைமேல உனக்கு என்ன திடீர் அக்கறை?"

"அக்கறையெல்லாம் ஒண்ணுமில்ல." கதவு நிலையை நகத்தால் சுரண்டினாள். "எங்கப்பா லாரி ஓட்டுறாரு. படியேறும்போதே சத்தத்துல தெரிஞ்சிடும், இன்னைக்கு எப்படி வர்றாருன்னு. நடை வேற மாதிரி கேட்டா, தம்பிங்களைக் கட்டிலுக்கு அடியில தள்ளிடுவேன். நடை மாறுச்சுன்னா எதோ உடையப்போவுது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

நான் உருகிவிடவில்லை. சாப்பாட்டு வரிசையில் இவள் நிற்கிறாள் என்பதற்காக அந்தப் பெண் சாப்பிடாமல் படுத்த நாட்கள் எனக்குத் தெரியும். அப்பாவின் அடி அதற்குக் காரணமாகலாம், ஈடாகாது. ஆனால் அவள் கொண்டுவந்த சேதி சேதிதான்.

கடைசிக் கட்டில் பெண்ணை வரச்சொன்னேன். வந்தாள். மிளகாயைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"காலைக் காட்டும்மா" என்றேன்.

"இவ சொன்னாளா? இவளுக்கு இது இன்னொரு விளையாட்டு ஆயாம்மா." திரும்பிப் போய்க் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டாள்.

சத்தம் கேட்டு வார்டன் வந்தார். "இவ பேச்சை நம்பியா கூப்பிட்டீங்க? சாப்பாட்டுல பல்லி விழுந்திருக்குன்னு சொல்லி அண்டாவோட கொட்ட வெச்சவளாச்சே. கடைசியில பல்லியும் இல்ல, சாப்பாடும் இல்ல. அவளையாவது தேர்வுக்குத் தைக்க விடுங்க." சாவிக்கொத்து குலுங்கப் போய்விட்டார்.

மிளகாய் குளியலறை வாசலில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"வாத்து, கதவைத் திற."

"என் பேரு வாத்து இல்ல."

"சரி. கதவைத் திற."

"திறந்தா நாளைக்கு மேசையில புதுசா ஒண்ணு தட்டுவே. நாத்தம் புடிச்ச வாத்துன்னு."

நாற்றம் என்று நாங்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் கதவருகே போனேன்.

"உள்ள துணி வெச்சிருக்கியா?"

"வெட்டுத்துண்டு. ஈரமாவுது, அதான். சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க ஆயாம்மா. எனக்கு வீடு எங்க இருக்கு?"

"கால் போனா தையலும் போயிடும், தொழிற்சாலையும் போயிடும். எது வேணும்னு உள்ள உக்காந்தே யோசி. நான் போறதா இல்ல."

தாழ் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, மிளகாயைப் பார்த்தாள்.

"நான் நடக்குறதை நான் பாத்ததே இல்ல. நீ காட்டு. முன்னாடி எப்படி, இப்போ எப்படி. ரெண்டும்."

"இங்கயா?"

"கூடத்துல அத்தனை பேருக்குக் காட்டுனியே. எனக்கு ஒருத்திக்குக் காட்ட முடியாதா?"

மிளகாய் எழுந்து பாவாடையின் ஈரத்தைப் பிழிந்தாள். அதை ரொம்ப நேரம் பிழிந்தாள். பிறகு நடைவழியின் அந்த முனைவரை பழைய நடையில் போனாள், புதிய நடையில் திரும்பி வந்தாள். சிரிக்க ஆள் இல்லாத இடத்தில் அந்த நடை வேறு மாதிரி இருந்தது. அவள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இவ்வளவு சாயுறேனா?"

"முன்னாடி சாய மாட்டே. இப்போதான்."

"முன்னாடி நல்லாத்தான் நடந்திருக்கேன்" என்றாள் கடைசிக் கட்டில் பெண். பிறகு கதவை முழுதாகத் திறந்து, என் முன்னால் உட்கார்ந்து பூட்ஸின் பட்டையை அவிழ்த்தாள்.

உள்ளே பூட்ஸின் அட்டை தேய்ந்து, அடியிலிருந்த ஆணித்தலை மேலே வந்திருந்தது. குதிகாலில் புண். ஓரம் கறுத்து, நடு குழிந்து போயிருந்தது. மிளகாய் மூக்கைப் பொத்தவில்லை. தானே ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், புண் எலும்பைத் தொடவில்லை என்றார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பேச்சே வேறு என்றும் சொன்னார். புண் மூடும்வரை அந்தக் கால் தரையில் படக் கூடாது. மூடும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றார்.

அன்று மாலை வார்டன் தன் அறையில் எங்களை நிற்க வைத்தார். "வீட்டுக்கு அனுப்புறதுதான் முறை. தினமும் மாடிக்கு யார் தூக்கிட்டுப் போறது? ஆயாம்மா முட்டிக்கே தனியா ஒரு ஆயாம்மா வேணும்."

முட்டியைப் பற்றிச் சொன்னது உண்மை. கட்டு மாற்றுவது என் வேலை என்றேன். மெஷினை மிதிப்பது வலது கால், தேர்விலும் உட்கார்ந்துதான் தைக்க வேண்டும், மாடிப்படி ஒன்றுதான் சிக்கல் என்றேன்.

"நான் தூக்குறேன்" என்றாள் மிளகாய்.

"நீயா? ஆட்டுக்கு ஓநாய் காவலா?" வார்டன் கடைசிக் கட்டில் பெண் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்றே?"

"இவளை நம்பலை மேடம். ஆனா வேற முதுகு இல்ல."

"ஒரு தடவை விழுந்தாலும் ரெண்டு பேரும் மூட்டை கட்டணும். ரெண்டு பேரும். புரியுதா?"

வெளியே வந்ததும் கடைசிக் கட்டில் பெண் மிளகாயிடம் சொன்னாள். "உன் கத்தரி என்கிட்ட இருக்கணும்."

"கத்தரி இல்லாம நான் எப்படி வேலை செய்யறது?"

"அது உன் பாடு."

இரவுச் சாப்பாட்டின்போது யாரோ ஒருத்தி தட்டில் கரண்டியால் தட்டினாள். டக், சர்ர். தாளம் தெரியாத தட்டல். "மிளகாய் இப்போ வாத்துக்கு வண்டியாயிடுச்சாம். வாடகை எவ்வளவு கேளுங்கடி." அவள் கட்டி மேய்த்த கூட்டம்தான், அவளைப் பார்த்தே சிரித்தது. மிளகாயிடம் இதைவிடக் கூர்மையாகப் பத்து பதில் இருந்திருக்கும். ஆனால் அவள் சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. எதிரே கடைசிக் கட்டில் பெண் தன் தட்டைக் காலி செய்தாள். மிளகாய்க்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை.

மறுநாள் காலை நான் கட்டை மாற்றி முடித்தபோது மிளகாய் வந்தாள். கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கட்டிலில் இருந்தவளின் மடியில் வைத்தாள். பிறகு முதுகைக் காட்டிக் குனிந்து உட்கார்ந்தாள்.

கடைசிக் கட்டில் பெண் துணியைப் பிரித்து, கத்தரிதானா என்று பார்த்தாள்.

"நூல் வெட்டணும்னா என்ன பண்ணுவே?"

"உன்னைக் கேப்பேன்."

"கேட்ட உடனே குடுக்க மாட்டேன்."

"சரி, ஏறு. நேரமாவுது."

கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் மிளகாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மிளகாய் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கட்டுப் போட்ட கால் எதிலும் இடிக்காமல் நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். படியில் பாதி ஏறியபோது மேலே கூடத்தில் யாரோ மேசையில் தட்டுவது கேட்டது. மிளகாய் நின்றாள். முதுகில் இருந்தவளைச் சற்று மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு, அடுத்த படியில் காலை வைத்தாள்.