அரை நிலா நாளின் அளவு

துறைமுகப் படிக்கட்டில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து, கடல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நோட்டில் எழுதுவதுதான் அவளுடைய உத்தியோகம். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. இதெல்லாம் ஒரு வேலையா என்று சிரிப்பவர்களை ஒரு நாள் அந்தக் கோலின் முன்னால் நிற்க வைக்க வேண்டும். தண்ணீர் ஒரு நிமிஷம் சும்மா நிற்காது. படகு போனால் எகிறும், காற்று திரும்பினால் அமுங்கும். பத்து அலை ஏறி இறங்கும்வரை பொறுத்திருந்து, நடுவாக நிற்கும் அளவைத்தான் அவள் எழுதுவாள். கோலில் சிப்பி ஒட்டினால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பதும் அவள்தான். படகுக்காரர்கள் அவளை அளவுக்காரம்மா என்பார்கள். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஆறு மாதத்துக்கு முன் நகரத் திட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதினான்காம் தேதியின் உச்ச அளவு வேண்டுமாம், அது மட்டும் போதுமாம். கேட்டதைக் கொடு, கேட்காததைப் பற்றி வாயைத் திறக்காதே என்பது அவள் அலுவலகத்தில் காலம் காலமாக இருக்கும் பழக்கம். ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பிவிட்டாள். எதற்கு என்று கேட்கவில்லை.

அது எதற்கு என்பது நகராட்சி அறிவிப்புப் பலகையில் வரைபடம் ஒட்டிய அன்று தெரிந்தது. கடல் ஏறி வரும் எல்லையைச் சிவப்புக் கோடாகப் போட்டிருந்தார்கள். கோட்டுக்குக் கடல் பக்கம் எதையும் கட்டக்கூடாது, ஊர்ப் பக்கம் கட்டலாம். கோடு சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கமாக, கடலை ஒட்டிப் போனது. சதுப்பு மொத்தமும் "காலி நிலம்". அதில் மண்ணைக் கொட்டி மேடாக்கிக் கடைகளும் வண்டி நிறுத்துமிடமும் வரப்போகின்றன. கீழே பொடி எழுத்தில், துறைமுக அளவர் கையொப்பமிட்ட அளவின்படி என்று போட்டிருந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதினான்காம் தேதி வானத்தில் அரை நிலா. அரை நிலாவுக்குக் கடல் மாதத்திலேயே குறைவாக ஏறும். அதற்கு அடுத்த வாரம் அமாவாசையன்று அதே கோலில், அதே நோட்டில், ஒரு மீட்டர் தொண்ணூறு. கடற்கரையில் பிறந்த எவருக்கும் தெரிந்த விஷயம் இது. தெரிந்துதான் அந்தத் தேதியைப் பொறுக்கியிருக்கிறார்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏறி வரும் தண்ணீர் இத்தனை நாளாகச் சதுப்பில் பரவி நின்றது. சதுப்பை மூடினால் அது நேராகத் தெருவுக்குள்தான் வரும்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு திட்டப் பொறியாளரிடம் போனாள். அவர் நாற்காலியில் சாய்ந்தபடியே, அந்த அளவு பொய்யா என்று கேட்டார். பொய்யில்லை என்றாள்.

"அப்புறம் என்ன? நீங்க எழுதிக் குடுத்ததுதானே மேடம்."

வெளியே வந்து படிக்கட்டில் நின்றுகொண்டு அவரையும் திட்டினாள், தன்னையும் திட்டினாள். தன்னைத்தான் அதிகம் திட்டினாள்.

அதைவிடப் பெரிய இடி அக்கா வீட்டில் காத்திருந்தது. அக்கா வீடு சதுப்பை ஒட்டிய கடைசி வீடு. மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாடி கட்ட நாலு வருஷமாக அலைந்தும் கிடைக்காத அனுமதி இந்தப் புதுக் கோட்டால்தான் கிடைத்தது. செங்கல்கூட வந்து இறங்கிவிட்டது. சரியான கோடு போட்டால் வீடு கடல் பக்கம் போய்விடும், மாடியும் போய்விடும்.

"ஊருக்கெல்லாம் நியாயம் பேசுறியே, என் குடிய ஏன்டி கெடுக்குற? நீ பாட்டுக்கு சும்மா இரு, போதும்" என்றாள் அக்கா.

"சும்மா இருந்துதான்க்கா இந்தக் கையெழுத்தே போச்சு."

அக்கா கதவைச் சாத்தினாள். அதோடு பேச்சு நின்றது.

கருத்துக் கேட்புக் கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. அளவுக்காரம்மா வருஷக்கணக்கான நோட்டுகளைப் பையில் போட்டுச் சுமந்து போனாள். எழுந்து நின்று தன் பெயரைச் சொல்லி முடிக்கவில்லை, பொறியாளர் கையைக் காட்டி நிறுத்தினார். அரசு ஊழியர் ஆட்சேபம் சொல்ல விதி இல்லையாம். பாதிக்கப்படும் வீட்டுக்காரர் மட்டும்தான் சொல்லலாமாம். விதியைப் பக்கம், வரியோடு சொன்னார். அவளுக்கு அந்த மைக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், உட்காரவில்லை.

வீட்டுக்காரர் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று பொறியாளர் கேட்டார். ஹாலில் அறுபது பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்குக் கடை தருவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார்கள். மீதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். ஆட்சேபம் இல்லை என்று எழுத குமாஸ்தா பேனாவை எடுத்தார்.

மூன்றாவது வரிசையில் நாற்காலி நகர்ந்தது. அக்கா எழுந்து நின்றாள். முகம் கடுகடுவென்று இருந்தது. தங்கை பக்கம் திரும்பவே இல்லை.

"எழுதிக்கோங்க. சதுப்போரம் கடைசி வீடு என்னுது. அமாவாசைக்கு என் கொல்லை வரைக்கும் தண்ணி வருது. மாடிக்குன்னு இறக்கின செங்கல்லு நேத்து அமாவாசைக்கு நனைஞ்சு கெடக்கு, வந்து பாருங்க. மண்ணைக் கொட்டினா அது என் வீட்டுக்குள்ள வரும். மருமகளை நான் எந்தத் தண்ணியில குடி வைக்கிறது?"

உங்கள் மாடி அனுமதி ரத்தாகிவிடும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார் பொறியாளர். யோசித்துவிட்டுத்தான் எழுந்தேன் என்றாள் அக்கா. அளவு நோட்டுகளையும் தன் ஆட்சேபத்தோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். குமாஸ்தா வேறு வழியில்லாமல் பையை வாங்கி மேஜைக்கடியில் வைத்தார். வீட்டுக்காரர் ஒருவர் ஆட்சேபித்தாலும் மறு அளவு எடுக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருந்தது; அதுவரை திட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது என்று எழுத வேண்டியதாயிற்று.

வாசலில் அளவுக்காரம்மா அக்காவின் கையைப் பிடித்தாள். அக்கா உதறினாள்.

"தொடாத. உனக்காக ஒண்ணும் சொல்லல. என் வீட்டு மாடியையே வெட்டிப் போட்டுட்ட நீ. இதை நான் மறக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, நனைந்த செங்கல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று, செங்கல் சூளைக்காரரின் கடைப் பக்கமாக விறுவிறுவென்று நடந்தாள்.