கறுப்புக் கிளிப் கடைசியில்தான்

காரின் பானெட்டைத் தூக்கியதும் ரமணி முதலில் மோந்துதான் பார்ப்பாள். அழுகிய முட்டை வாடை அடித்தால் அந்தப் பேட்டரியை விரலால்கூடத் தொடமாட்டாள். பிறகு டார்ச் அடித்து, பெட்டி உப்பியிருக்கிறதா, வெடிப்பு விட்டிருக்கிறதா என்று நாலு பக்கமும் பார்ப்பாள். அதுவரை காடிக்காரர் வாயைத் திறக்கக் கூடாது. "வயிறு உப்பிப்போச்சுலா, இதுக்கு உயிர் குடுக்க முடியாது, புதுசு வாங்குங்க" என்று பானெட்டை மூடிவிடுவாள்.

சுங்கை லாலாங்கில் அவள் வசிக்கும் தாமான் குடியிருப்பில் யாருடைய காடி காலையில் மக்கர் பண்ணினாலும் ரமணி வீட்டுக் கேட்டில்தான் வந்து நிற்பார்கள். கையுறைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை அவளுக்கு. கழுத்துவரை பொத்தான் போட்ட வேலை அங்கியோடே, ஜம்பர் கேபிளைத் தோளில் சுற்றிக்கொண்டு வருவாள். வந்ததும் அதட்டல் ஆரம்பமாகிவிடும். "மோதிரத்தக் கழட்டுங்க. வாட்சும்தான். சிகரெட்ட அந்தாண்ட போட்டுட்டு வாங்க."

இரண்டு காடியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டிலும் எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். சிவப்புக் கிளிப் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு, நல்லதின் மைனஸில். கடைசிக் கறுப்பையும் பேட்டரியிலேயே மாட்டப் போகிறவர் கையைத் தட்டிவிடுவாள். அது செத்த காடியின் எஞ்சினில், பேட்டரிக்குத் தள்ளி, வெறும் இரும்பைத்தான் கவ்வ வேண்டும். "பொறி அங்க பறந்தா பரவால்ல. பேட்டரி மேல பறந்தா உங்க மூஞ்சிதான்."

முன்பெல்லாம் இது அவள் கணவர் குழந்தைவேலுவின் வேலை. லோரி ஓட்டியவர். கண்ணில் புரை விழுந்ததை ஒப்புக்கொள்ளாமலே கொஞ்ச காலம் ஓட்டினார். போன ஆயுத பூஜைக்கு மறுநாள் குட்டு வெளிப்பட்டது. காடிக் கதவுகளைத் திறந்துபோட்டுப் பொழுதுக்கும் பக்திப் பாட்டு ஓடவிட்டால் எந்தப் பேட்டரிதான் தாங்கும்? எதிர்வீட்டுக் காடி படுத்துவிட்டது. பூஜை போட்டவர்கள் பேட்டரியின் முனைகளையும் விட்டுவைக்காமல் குங்குமம் அப்பியிருந்தார்கள். குழந்தைவேலு அந்தச் சிவப்பை நம்பி மைனஸில் சிவப்புக் கிளிப்பை மாட்ட, தாமானுக்கே தீபாவளி முந்திக்கொண்டு வந்துவிட்டது. நல்லவேளை, கேபிளோடு போயிற்று. அன்றிலிருந்து ரமணியின் ராஜ்ஜியம்தான்.

அவருடைய கண் ஆப்பரேஷனுக்கு ஒருவழியாக அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் நாள் கிடைத்தது. தவறவிட்டால் அடுத்த தேதிக்கு அரை வருஷம் காத்திருக்க வேண்டும். அந்தக் காலையில் பார்த்து ரமணியின் சொந்தக் காடியே 'டிக்' என்றதோடு சரி. முதல்நாள் மாலை குழந்தைவேலு அதற்குள் உட்கார்ந்து ரேடியோ கேட்டிருக்கிறார். கூரை விளக்கை அணைக்கவில்லை.

"லைட்டு எரியறது தெரிஞ்சா நா ஏண்டி ஆப்பரேஷனுக்குப் போறேன்?" என்றார்.

ரமணிக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

பக்கத்து வீட்டு ஹமீதா தன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். சுங்கை பட்டாணியில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவள். "நானே கொண்டுபோயி விட்டுடறேங்க்கா."

"அப்புறம் கடைய யாரு தொறப்பா? சாபார்லா, கொஞ்சம் பொறு, இதோ ஆயிடும்" என்று ரமணி குனிந்தாள்.

ஆஸ்பத்திரிக்கென்று சேலை கட்டியிருந்தாள். தாலிச் சங்கிலி நழுவிவந்து பேட்டரிக்கு மேலே ஊசலாடியது. உள்ளே தள்ளிவிட்டு மறுபடி குனிந்தாள். மறுபடியும் வெளியே வந்தது.

"அக்கா, தங்கம் ரெண்டு பக்கமும் பட்டுச்சுனா..." என்று ஹமீதா இழுத்தாள்.

ஊரையெல்லாம் மோதிரம் கழற்ற வைத்தவளுக்கு அது தெரியாதா? ஆனால் கல்யாண நாளிலிருந்து கழுத்தைவிட்டு இறங்காத சங்கிலி. அதுவும் இன்றைக்கு, அவர் கண்ணில் கத்தி வைக்கப்போகிற நாளில். ரமணிக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"என்ன நின்னுட்ட? நேரமாவுது" என்றார் குழந்தைவேலு, சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி.

அவள் சங்கிலியைக் கழற்றினாள். காடி மேல் வைக்க மனம் வரவில்லை. ஹமீதாவிடம் கொடுக்கவும் வரவில்லை. கணவர் முன்னால் போய், "தலையக் குனிங்க" என்று சொல்லி அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள். அவர் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். அதற்குமேல் அவசரப்படுத்தவில்லை.

சிவப்பு, சிவப்பு, கறுப்பு. கடைசிக் கறுப்பு இரும்பில். வேனின் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடியபின் ரமணி சாவியைத் திருப்பினாள். காடி செருமிக்கொண்டு கிளம்பியது. மாட்டியதற்கு நேரெதிர் வரிசையில் கிளிப்புகளைக் கழற்றி, கேபிளைச் சுருட்டிப் பின்னால் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

ஹமீதா ஓடிவந்து ஜன்னலைத் தட்டினாள். "அக்கா, செயினு."

ரமணி பக்கத்து இருக்கைக்குக் கையை நீட்டி, சங்கிலியைக் குழந்தைவேலுவின் சட்டைக்குள் தள்ளி, மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள்.