எட்டாவது பற்றரி

எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் ஒரு தொலைநோக்கி பெட்டியோடு கிடக்கிறது. அது பழுது என்று மண்டூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதில் ஒரு பழுதும் இல்லை. அது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அதைக் கொண்டுவந்தவர் சின்னம்மா, அம்மாவின் தங்கை. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. நான்கு வருடம் கழித்து ஒரு மாத லீவில் வந்திருந்தார். போகும்போது இரண்டு வயது மகனை எங்களிடம் விட்டுவிட்டுப் போனவர். அவனுடைய தகப்பன் வேறு குடும்பமாகிப் போனது அதற்கும் முன்பு. எனக்கு அவன் தம்பிதான். அப்போது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பத்து. அவன் என் அம்மாவைத்தான் அம்மா என்பான். சின்னம்மாவை ‘அவங்க’ என்பான். பெற்றவர் கையை நீட்டினால் ஓடிவந்து என் சட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். எனக்கு அதில் பெருமை. மறைப்பானேன், பெரிய பெருமை.

தொலைநோக்கி அவனுக்காகத்தான் வந்தது. குவைத் வீட்டு மொட்டைமாடியில் பொழுதுபடும் நேரம் அதைப் போன்ற ஒன்றைத் தூக்கிவைத்து, பொத்தான் அமத்தி, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நிலாக் காட்டியது சின்னம்மாதானாம். பிள்ளைகள் அவருடைய முழங்கால்களுக்கு நடுவில் நின்று பார்ப்பார்களாம். “ஒருக்கா என்ட புள்ளயும் அப்பிடி வந்து நிண்டாப் போதும் அக்கா” என்று அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். இதெல்லாம் சொந்தக்காரருக்கு எங்கே விளங்கப்போகிறது. “எல்லாரும் சங்கிலியோட வாறாளுகள், இவள் குழாயோட வந்திரிக்காள்” என்று ஒரு மாமி வாசலில் நின்றே சிரித்தார்.

அது மோட்டாரில் தானாகத் திரும்பும் தொலைநோக்கி. எட்டு பற்றரி போட வேண்டும். வந்த அன்றே சின்னம்மா புதுப் பக்கெட் பிரித்து எட்டு கறுப்புப் பற்றரிகளையும் அதன் பற்றரிப் பெட்டிக்குள் அடுக்கி மூடிவைத்தார். ஆனால் மாரி மழை விடவில்லை. மூன்று கிழமைக்கு மேலாக நிலாவைக் கண்ணில் காணவில்லை.

தம்பிக்கு ஒரு விளையாட்டு ரயிலும் வந்திருந்தது. ஒற்றைப் பற்றரியில் வட்டமாக ஓடும். அதை அவன் நேரே என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தான். நாலாம் நாள் அது நின்றுபோனது. “அக்கா, ரயில் செத்துட்டு” என்று அழுதான். கடைக்குப் போகும் வழியெல்லாம் வெள்ளம். ரயிலோடு வந்த மலிவு மஞ்சள் பற்றரியை, டோர்ச் பற்றரிக்கு எல்லாரும் செய்வதுபோல, மழை விட்ட ஒரு மதியம் கிணற்றுக்கட்டில் வெயிலில் காயவைத்தேன். பிறகு யாரும் பார்க்காமல் அதைத் தொலைநோக்கியின் பற்றரிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு ஒரு கறுப்பை எடுத்துக்கொண்டேன். ஏழு புதுசு இருக்கிறதே, ஒன்று களைத்துப்போனால் மற்றவை இழுத்துக்கொண்டு போகாதா என்பது என் கணக்கு.

சின்னம்மா திரும்பிப் போவதற்கு மூன்று நாள் இருக்கும்போது வானம் வெளித்தது. பறுவத்துக்கு, முழுநிலவுக்குக் கிட்டிய நிலா, பொழுதுபட முன்பே வாவிக்கு மேலே வந்து நின்றது. முற்றத்து மணலில் தொலைநோக்கியை வைத்தார்கள். “வா மனே, நிலாவில பள்ளம் இரிக்கி, காட்டுறன்” என்று சின்னம்மா கூப்பிட்டார். தம்பி என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாகப் போய் அவர் முழங்கால்களுக்கு நடுவில் நின்றான். சின்னம்மா மூச்சுக்கூட விடவில்லை.

பொத்தானை அமத்தினார். சிவப்பு வெளிச்சம் வந்தது. குழாய் முனகிக்கொண்டு ஒரு சாண் திரும்பியது, வெளிச்சம் மங்கியது, எல்லாம் அணைந்து முதலிலிருந்து தொடங்கியது. மறுபடியும் அமத்தினார். மறுபடியும் ஒரு சாண்தான். கையால் திருப்பினால் உள்ளே பல் உடையும் என்று அந்த வீட்டில் சொல்லிவைத்திருந்தார்களாம், அதனால் தொடவும் பயம். நாலாவது தடவை தம்பி நழுவி வந்து, “அக்கா, நாம ரயில் ஓட்டுவம்” என்றான். ரயில் நல்ல வேகமாக ஓடியது.

“பற்றரி புதுசு, லைற் எரியுது. மோட்டர்தான் பிழை” என்றார் அப்பா. அடுத்த நாள் மாமா தன் ஆட்டோ பற்றரியில் கொடுத்துப் பார்த்தார். ஆட்டோ மணலுக்குள் வராது என்று தெருவிலிருந்து முற்றம்வரை மெல்லிய வயரை இழுத்தார்கள். அவ்வளவு நீள மெல்லிய வயரில் மோட்டாருக்குப் போதிய மின் வந்து சேராது என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று அதற்கும் குழாய் ஒரு சாண் கிறுகி நின்றதும் தீர்ப்பு முடிந்தது. “ஒதுக்கின சாமான உன்ட தலையில கட்டிட்டாங்க” என்றார் மாமா. “இல்ல அண்ணா, பெட்டி பிரிச்சதே நான்தான்” என்று சின்னம்மா சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்திருந்தால் எல்லாம் அந்த நிமிடமே சரியாகியிருக்கும். அடி விழும் என்று பயந்தேன். அதைவிட, தம்பி போய்விடுவான் என்று பயந்தேன்.

கடைசி நாள் சின்னம்மா தனியாகப் படகில் துறையைக் கடந்து களுவாஞ்சிகுடிக் கடைகளுக்குப் போய் வந்தார். பின்னேரம் திரும்பியபோது தம்பியும் நானும் சீமெந்துத் தரையில் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தோம். அவன் என் மடியில் தலைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். சின்னம்மா பையோடு படியில் இருந்துவிட்டார். நிலா நன்றாக எழும்பியிருந்தது. “இண்டைக்கு அத எடுக்கல்லையா?” என்று அம்மா கேட்டார்.

“இனி என்னத்துக்கு. அவன் விளையாடட்டும்” என்றார் சின்னம்மா.

விடியற்காலை விமான நிலையத்துக்குப் போகும் வான் வந்தது. ஏறுவதற்கு முன் என் கையில் ஒரு பற்றரிப் பக்கெட்டை வைத்தார். “தம்பிட ரயிலுக்கு. ஒண்டு முடிய மற்றதப் போடு. அவன அழ விடாத புள்ள.” நான் தலையாட்டினேன். பிடிபடவில்லை என்ற நிம்மதியில் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. ஒரு கிழமை கழித்து, மஞ்சளை எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாம் என்று தொலைநோக்கியின் பற்றரிப் பெட்டியைத் திறந்தேன். ஏழு கறுப்பு இருந்தது. எட்டாவது இடம் காலி. யாரோ எடுத்துவிட்டார்கள், நல்லதாய்ப் போயிற்று என்று மூடிவைத்தேன்.

சின்னம்மா இப்போது ஊரோடு வந்துவிட்டார். தம்பி வளர்ந்துவிட்டான். அவனும் என்னைப் போல அவரைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுகிறான். பற்றரிக் கதையை இருவரிடமும் இன்னும் நான் சொல்லவில்லை.

அந்தப் பக்கெட்டில் எட்டு பற்றரி இருந்தது. ரயிலுக்கு ஒன்று போதும். எட்டு வாங்கிவந்தவர் அந்த நல்ல நிலவில் தொலைநோக்கியை எடுக்காமல் ஏன் படியிலேயே இருந்தார் என்று பத்து வயதில் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. ரயிலைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு வடிவாகத் தெரியட்டும் என்று தம்பியைக் கொஞ்சம் விலகி இருக்கச் சொன்னேன்.