கண்ணீருக்குத் தனி ரேட்டு

அழுவதுதான் என் தொழில். டிவியில் பாட்டுப் போட்டி பார்க்கிறீர்களே, அதில் பாட்டுக்கு உருகி முந்தானையால் கண்ணைத் துடைக்கிற கூட்டத்தில் மூன்றாவது வரிசைக்காரி நான். ஆள் சேர்க்கிற கோஆர்டினேட்டர் கூப்பிட்டதும், தாராவியிலிருந்து எட்டுப் பெண்கள் ரயிலேறி கோரேகாவ் ஸ்டூடியோவுக்குப் போவோம். பாடுகிறவர்கள் வருவதற்கு முன்பே, காலையில் எங்களைத்தான் படம் எடுப்பார்கள். கைதட்டல், ஆச்சரியம், அப்புறம் அழுகை. யாரும் இன்னும் பாடாத பாட்டுக்கு அழுதுவிட்டு வடாபாவ் தின்போம். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

போன வருஷம் ஒரு சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள். நையாண்டிப் படம். கடவுளே ஒரு ரியாலிட்டி ஷோவில் போட்டியாளராக வந்து, ஓட்டுக் குறைந்து இரண்டாவது வாரமே வெளியேற்றப்படுகிறார். அவர் போகும்போது நாங்கள் அழ வேண்டும். கடவுளாக நடித்தவருக்குக் கிரீடம் பெரிதாகிவிட்டது. மூக்குவரை இறங்கியதைப் பிடித்துக்கொண்டே கேமராவைக் கும்பிட்டு, ஒரே ஒரு ஓட்டுப் போடச் சொல்லி இந்தியில் கெஞ்சினார். எனக்குச் சிரிப்புப் பீறிட்டுவிட்டது. திட்டு விழும் என்று நினைத்தேன். டைரக்டர் அந்தச் சிரிப்பையே படத்தில் வைத்துக்கொண்டார்.

டிரெய்லரில் அது இரண்டு விநாடி வந்தது. அதை மட்டும் வெட்டி எங்கள் தெரு வாட்ஸ்அப்பில் யாரோ போட்டுவிட்டார்கள், சாமி கும்பிட்டுக் கெஞ்சுது, இவ பல்லைக் காட்டிச் சிரிக்கா என்று.

எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. வீட்டில் ஏணி வைத்து ஏறுகிற பரணில் சாக்கு கட்டி, இருட்டாக்கி, முளைப்பாரி வளர்த்துக்கொண்டிருந்தேன். மகள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் மூன்று வருஷம் முளைப்பாரி எடுப்பதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். இது மூன்றாவது வருஷம்.

கோயில் கமிட்டிச் செயலாளர் வந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன்.

"எக்கா, மன்னிப்பு கேட்டு ஒரு வீடியோ போட்டிருங்க. இல்லேன்னா முளைப்பாரி வரிசையில உங்களுக்கு எடமில்ல."

அவன் போனதும் என் வீட்டுக்காரர் மெல்லச் சொன்னார், "ஒரு நிமிசம் அழுதுட்டு வந்திரேன். தெனமும் அழத்தானே போற." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்பச் சுட்டது.

சரி, என்னதான் சொல்கிறான் பார்ப்போம் என்று கோயில் வாசலுக்குப் போனேன். செயலாளர் போனை ஸ்டாண்டில் மாட்டி வைத்திருந்தான். இங்கே நில், லைட் இங்கேதான், பின்னால் அம்மன் தெரிய வேண்டும் என்று ஒரே அமர்க்களம். நான் பேசினேன்.

"நான் ஆத்தாளப் பாத்துச் சிரிக்கல. ஓட்டுக்குக் கெஞ்சுன வேசக்காரனப் பாத்துச் சிரிச்சேன். எங்க ஆத்தா எவன்ட்டயும் ஓட்டு கேக்க மாட்டா. இதுல மன்னிப்புக்கு ஒண்ணுமில்ல."

அவன் போனை நிறுத்தினான். "இது சரிப்படாதுக்கா. இன்னொரு தடவ எடுப்போம். அழுதுகிட்டே சொல்லுங்க. கண்ணுல தண்ணி வந்தாத்தான் சனம் நம்பும்."

அடப்பாவி! கோரேகாவிலும் இதே பேச்சுதான். அங்கே அட்டைக் கிரீடம். இங்கே என் மகளைக் காப்பாற்றிக் கொடுத்தவள் பின்னால் நிற்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏலே, கண்ணீருக்குத் தனி ரேட்டு. மொதல்ல எங்க கோஆர்டினேட்டர்ட்ட பேசு," என்றேன். "ஆனா ஆத்தா முன்னால வச்சு நடிக்கச் சொன்னா, எம்புட்டு குடுத்தாலும் நான் வரமாட்டேன்."

சுற்றி நின்றவர்களில் ஒருத்தி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் முகம் கறுத்துவிட்டது. "வரிசையில எடம் கெடையாது. அவ்வளவுதான்."

கொடையன்று பரணிலிருந்து பாரியை இறக்கினேன். முளை வெளிர் மஞ்சளாக, அடர்த்தியாக நின்றது. வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். தெருவில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எனக்கு இடம்விட ஒருத்தியும் நகரவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நாளைக்கும் இதே தெருவில்தான் இருந்தாக வேண்டும். திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

திரும்பவில்லை. அத்தனை பேரையும் தாண்டி நடந்து, மேளக்காரர்களுக்கும் முன்னால் போய் நின்றேன். வரிசையில்தானே இடமில்லை என்றான்? வரிசைக்கு முன்னால் தெரு முழுக்கக் கிடந்தது. செயலாளர் ஓடி வந்து, போனை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

தலையில் பாரியோடு, பல் அத்தனையும் தெரியச் சிரித்தேன்.