எழுந்ததும் கேட்கும் கேள்வி

பொய்யே சொல்லாமல் ஒரு மனிதன் எத்தனை பேரை ஏமாற்ற முடியும்? குதிகால் வலிக்கென்றே நடக்கும் அந்த மருத்துவமனையின் ஆலோசகரைக் கவனித்தால் இந்தக் கேள்வி வரும்.

புதிதாக வருபவரை அவர் ஒரு மணி நேரம் உட்கார வைப்பார். மெத்தென்ற நாற்காலி, குளுகுளு அறை, மீன் தொட்டி. பிறகு சட்டென்று கூப்பிடுவார். குதிகால் வலிக்காரருக்கு நெடுநேரம் உட்கார்ந்து எழுந்து வைக்கும் முதல் நாலு அடிதான் நரகம். வந்தவர் சுவரைப் பிடித்து முகம் சுளிக்கும் அந்தக் கணத்தில், "பத்துக்கு எத்தனை வலி சார்?" ஒன்பது என்பார் அவர். இவர் எழுதிக்கொள்வார்.

பிறகு வந்தவருடைய ரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, தெளியும் மஞ்சள் நீரைக் குதிகாலில் ஊசியாகப் போடுவார்கள். "பல்லிக்கு வால் அறுந்தா தானா வளருதுல்ல? அதே கணக்குதான். உங்க உடம்புதான் உங்களுக்கு டாக்டர்" என்பார் ஆலோசகர்.

மூன்று வாரம் கழித்து வந்தால் நாற்காலி கிடையாது. "வராந்தாவுல நாலு தடவை நடந்துட்டு வாங்க, கால் சூடாகட்டும்." நடந்து நடந்து வலி தணிந்த வேளையில் அதே கேள்வி. "நாலு." சுவரெங்கும் சட்டம் போட்ட தாள்கள்: முன்பு ஒன்பது, இப்போது நாலு. சொன்ன எண்ணை ஒருபோதும் திருத்தியதில்லை என்று பெருமை வேறு. அப்படி ஒரு யோக்கியர்.

துணிக்கடையில் நாளெல்லாம் நின்று விற்கும் ஆலோசகருடைய அக்காவும் ஒன்பது என்று சொல்லி ஊசி போட்டுக்கொண்டார். "பல்லிக்குக் குதிகால் ஏதுடா?" என்று கேட்டபடியேதான் காலை நீட்டினார். கால் தேறியதாகச் சீட்டு காட்டினால்தான் கடையில் மறுபடி இடம்.

மூன்று வாரத்தில் அக்கா வந்து நின்றார். "நடக்கச் சொல்லட்டுமா சார்?" என்றார் நர்ஸ்.

"வேண்டாம். உக்காரட்டும்."

"கூடப் பொறந்தவளையே காக்க வைக்கிறியேடா!"

ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். எழுந்த அக்கா, "அம்மா!" என்று நாற்காலிக் கையைப் பற்றிக்கொண்டார்.

"எத்தனைக்கா?"

"ஒன்பது... ஐயோ, நாலுன்னு போட்டுக்கோடா. நாளைக்கு வேலையில சேரணும்."

ஒன்பது என்று எழுதினார். சீட்டு கொடுக்கவில்லை. அக்கா திட்டிக்கொண்டே நொண்டி நொண்டி வெளியேறியதும், அந்தத் தாளைத் தானே சட்டத்தில் செருகி, மற்றவற்றின் நடுவே மாட்டினார்: முன்பு ஒன்பது, இப்போது ஒன்பது.

"ஏன் சார்?" என்றார் நர்ஸ்.

கோணியிருந்த சட்டத்தை ஒற்றை விரலால் நேராக்கினார்.

"புதுசா ஒருத்தர் வந்திருக்காரு பாருங்க. உக்கார வைங்க."