டீச்சர் உள்ளே இருக்கிறார்

இருபத்தாறு ஆண்டுகளாகப் பியானோ கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறேன். மலேசியாவில், ஈப்போ நகரில், ஒரு வரிசை வீட்டில், தனியாக. சேர விரும்புகிறவர்கள் ஆங்கிலத்தில் செய்தி அனுப்புவார்கள். நானும் ஆங்கிலத்திலேயே பதில் போடுவேன். நேரில் வந்ததும், கேட்டைத் திறக்கும் கறுத்த தமிழச்சியிடம் டீச்சர் இருக்கிறாரா என்று மலாயில் கேட்பார்கள். என்னை வேலைக்காரி என்று நினைத்துக்கொள்வார்கள்.

முதல் சில ஆண்டுகள் நான்தான் டீச்சர் என்று சொல்லிவிட்டு, அவர்கள் அசடு வழிவதைப் பார்த்து நின்றேன். பிறகு ஆத்திரம் வந்தது. சரி, வேலைக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று முடிவுசெய்தேன். "டீச்சர் உள்ளே இருக்கிறார், உட்காருங்கள்" என்பேன். தண்ணீர் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் தரை துடைப்பேன். அதற்குள் எல்லாம் தெரிந்துவிடும். ஆசை பிள்ளைக்கா, தாய்க்கா என்பது தெரியும். தண்ணீர் கொடுத்தவளுக்கு ஒரு நன்றி சொல்லத் தெரிந்தவர்களா என்பதும் தெரியும். அதன்பின் துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பியானோவில் உட்கார்ந்து வாசிப்பேன். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. பலர் திரும்பி வரவில்லை. போனால் போகட்டும் என்றிருந்தேன். சில வாரங்களில் வகுப்பு நடக்கும் சனிக்கிழமை தவிர மற்ற நாட்களில் என் குரலை நானே கேட்டதில்லை.

போன ஆண்டு பக்கத்து ஊரான செமோரிலிருந்து ஒரு பெண் மகளை மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டிவந்தார். மகளுக்குப் பத்து வயதிருக்கும். செய்தி அனுப்பியவள் அவள்தானாம்.

"அக்கா, டீச்சர் இருக்காங்களா?"

தமிழில், அக்கா என்று கேட்டார். வழக்கம் விடவில்லை. "உள்ள இருக்காங்க. உக்காருங்க" என்றேன்.

தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் எழுந்து வாங்கினார். "நீங்களும் உக்காருங்கக்கா. நானும் டத்தோ பட்டம் வாங்குன ஒரு பெரிய மனுஷன் வீட்டுல ஏழு வருஷம் தொடச்சவதான். முட்டி போயிருச்சு. உங்களுக்கு எப்படி?"

"எனக்கும் வலிதான்" என்றேன். அது பொய்யில்லை.

"டீச்சர் ரொம்ப கோவக்காரவங்கன்னு சொன்னாங்களே."

"வாய் கொஞ்சம் நீளம்."

"கல்யாணம் பண்ணிக்கலியாமே?"

"எவன் மாட்டுவான்?"

இருவரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அவர் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். டீச்சருக்கென்று அவரே சுட்டுவந்த கறிபாப், உள்ளே உருளைக்கிழங்கு மசாலா வைத்தது. "ஒண்ணு எடுங்கக்கா. எண்ணியா பாக்கப் போறாங்க?"

தின்றேன். சூடு இன்னும் ஆறவில்லை. கணவர் சிங்கப்பூரில் இருப்பதை, மாமியாரின் சர்க்கரை நோயை, மகள் மேசையில் விரல் தட்டிக்கொண்டே இருப்பதையெல்லாம் சொன்னார். பத்து நிமிடம் அரை மணி நேரமாகிவிட்டது. நான் டீச்சர் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் இந்தப் பேச்சு நின்றுவிடும். இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று தள்ளிப்போட்டேன்.

மகள் பியானோ பக்கம் போனாள். "ஆன்டி, தொடலாமா?"

"தொடு" என்றேன்.

தாய் பதறினார். "வேண்டாம்மா. அவங்க வந்தா அக்காவத்தான் ஏசுவாங்க."

எனக்கு ஏச்சு விழுமே என்று ஒருவர் கவலைப்பட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது. சொல்வதென்றால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் அந்தப் பிள்ளை மணிக்கட்டைத் தொங்கவிட்டு, விரலைக் குச்சி மாதிரி நீட்டி அழுத்தினாள். இருபத்தாறு ஆண்டுப் பழக்கம் முந்திக்கொண்டது.

"கைய தூக்கு. வெரல மடக்கு. அது என்ன, காலிங் பெல்லா?"

தாய் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளறைக் கதவைப் பார்த்தார். எழுந்து நின்றார். சோபாவில் உதிர்ந்திருந்த கறிபாப் துகளைக் கையால் கூட்டி எடுத்தார்.

"மன்னிச்சிருங்க டீச்சர். தெரியாம பேசிட்டேன்."

தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். உட்காருங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "சனிக்கிழமை மூணு மணி. லேட்டா வரக்கூடாது."

மகள் வருகிறாள். நன்றாகவே வாசிக்கிறாள். தாய் கேட்டுக்கு வெளியே, மோட்டார் மேல் உட்கார்ந்திருக்கிறார். வெயிலடித்தால் எதிர் வீட்டு மர நிழலுக்கு நகர்ந்துகொள்வார். உள்ளே வரச் சொல்லி இரண்டு முறை போய்க் கூப்பிட்டேன். "இருக்கட்டும் டீச்சர்" என்றார்.

இப்போது புதிதாக யார் வந்தாலும், கேட்டைத் திறக்கும் முன்பே நான்தான் டீச்சர் என்று சொல்லிவிடுகிறேன்.

தீபாவளிக்கு மகளிடம் ஒரு டப்பா கறிபாப் கொடுத்தனுப்பியிருந்தார். மூடியைத் திறந்து பார்த்தேன். நிறைய இருந்தது. ஒன்றுகூட எடுக்கப்படவில்லை. "ஒண்ணு எடுங்கக்கா" என்று சொல்லத்தான் ஆளில்லை.